தண்டிக்குளத்தில் நின்ற தவணை

கொழும்பில் ஆண்டுக் கூட்டம். திரையில்
மாகாணத்துக்கு ஒரு தூண்.
மேல் மாகாணத் தூண் தலைப்பை முட்டிக்கொண்டு நின்றது.
வடக்கின் தூணை, யாரோ
கீறி முடிக்காமல் விட்ட கோடு என்று நினைத்தேன்.
"அங்கே விழிப்புணர்வு குறைவு" என்றார் மேலாளர்.
மத்தியானம் கணவாய்க் கறி.

இரவு பஸ். விடிய மல்லாவி.
ஸ்கூட்டியை ஆறுமுகதாசனின் கடை முன்னால் நிறுத்தினேன்.
உரம், பூச்சிமருந்து, ஒரு மூலையில் ரீலோட்.

நான் விரித்த படிவத்தை அவர் தொடவில்லை.
கல்லாவுக்குக் கீழே கைவிட்டு
யூரியாப் பையில் சுற்றிய ஒன்றை எடுத்தார்.
எங்கள் கம்பனியின் பழைய இலச்சினை.
எண்பத்தெட்டு, இருபத்தைந்து வருட ஒப்பந்தம்.
எத்தனை இடம்பெயர்வு அது கண்டதென்று
மடிப்புகளில் எண்ணலாம்.

வவுனியாக் கிளைக்கு அழைத்து இலக்கம் சொன்னேன்.
காத்திருக்கச் சொல்லி ஒரு நாதஸ்வரம் போட்டார்கள்.
பிறகு ஒரு பெண்குரல்:
தொண்ணூறில் காலாவதி. தவணை செலுத்தப்படவில்லை.

"செலுத்தினனான் தங்கச்சி.
காசை உறையிலை போட்டு
தண்டிக்குளம் தாண்டுற ஆக்களிட்டைக் குடுத்துவிட்டனான்.
ரண்டு தரம் உறை திரும்பி வந்தது.
மூண்டாந்தரம்
கொண்டுபோனவரே வரேல்லை."

ஒன்பதாம் பிரிவு எனக்குப் பாடம்:
யுத்தம், படையெடுப்பு, கலகம், இவை நீங்கலாக.
நீங்கலாக என்ற சொல்லுக்குள்
இந்த வீதி முழுக்க அடங்கும்,
பாலம், பள்ளிக்கூடம், மாங்குளச் சந்தி.
நான் அதை வாசித்துக் காட்டவில்லை.

"யானை அடிச்ச வயலுக்குத் தருவியளோ?"
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
பார்க்காமலே தெரியும்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டார்.
"சரி, புதுசா ஒண்டு எழுதும். சின்னத் தொகை.
ஆனா ஒரு சதமும் நான் அனுப்பமாட்டன்.
மாசாமாசம் நீர் வரவேணும்,
இதிலை நிண்டு எண்ணி, இதிலை நிண்டு துண்டு எழுதவேணும்."

எழுதினோம். பெயர், பிறந்த திகதி, நாமினி.
நாமினியில் பேனா கொஞ்சம் நின்றது,
பிறகு தமக்கையின் பெயர் வந்தது.

பதினோராம் கேள்வி:
உடலில் அந்நியப் பொருள் ஏதும் உண்டா?
இதயத்தில் பொருத்தும் கருவியை நினைத்து
கொழும்பில் யாரோ அச்சடித்தது.
ஆம் என்றால் கட்டணம் ஏறும்.
இல்லை என்றால், நாளைக்கு ஒன்று நடந்தால்,
கம்பனி இந்தக் கட்டத்தைத்தான் முதலில் தேடும்.

இடது தோளை ஒருக்கால் தடவிப் பார்த்தார்.
"இருக்கு. ஆனா அந்நியம் எண்டு
எப்பிடிச் சொல்லுறது?
பதினைஞ்சு வருசமா என்னோடைதானே கிடக்குது."