ஒலியைக் கூட்டினேன்

முதல் தடவை வந்தபோது
மகிமைராஜுக்கு அடிபட்டு இருபத்தெட்டு நாள்.
எண்ணூர் சாலை, கன்டெய்னர் லாரிகளின் வரிசை,
மணலில் சறுக்கிய பைக்.
தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டதாக
சீட்டில் எழுதியிருந்தார்கள்.
இடது கையை வலது கையால் தூக்கி
என் மேஜைமேல் வைத்தான்,
கடையில் திருப்பிக் கொடுக்க வந்த சாமான்போல.

"மரத்துப்போச்சு மேடம். ஆனா எரியுது.
ரெண்டும் எப்டி ஒண்ணா இருக்கும்?"
இருக்கும் என்றேன்.
ஊசி குத்துவதும் கேட்பதும் என் வேலை.
சொல்வது டாக்டர் வேலை.

கட்டைவிரலில் வளையம் மாட்டி
மின்சாரம் கொடுத்தேன்.
அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.
திரையில் அலை எழுந்தது,
நல்ல உயரம், நல்ல வேகம்,
பாடப்புத்தகத்தில் போடலாம்.
"வருதுல்ல? வருதுல்ல?" என்றாள் ஸ்டெல்லா, அவன் மனைவி.
வந்ததுதான் கெட்ட செய்தி.
கைக்குள் கம்பி முழுசாக இருக்கிறது.
உடைப்பு அதற்கும் மேலே,
தண்டுவடத்திலிருந்து வேரோடு பிடுங்கிக்கொண்டது.
நடுவில் அறுந்திருந்தாலாவது தைக்கலாம்.
திரையை மெல்ல என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

புஜத்தில் ஊசி இறக்கினேன்.
நரம்பு கைவிட்ட தசை சும்மா இருப்பதில்லை.
தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் போடும்,
யாரும் கேட்காமலே, ஒரே தாளத்தில்.
"மழையா மேடம்?"
வெளியே கத்திரி வெயில்.

ஜூலையில் அறுத்தார்கள்.
மூச்சுக்கு உழைத்துக்கொண்டிருந்த மூன்று நரம்புகளை
விலாவிலிருந்து உரித்து
அக்குள் வழியாகப் புஜத்துக்குத் திருப்பினார்கள்,
இடமாற்றல் உத்தரவு வாங்கிய குமாஸ்தாக்கள்.
இனி தினம் ஒரு மில்லிமீட்டர்.
அயனாவரத்தில் மெட்ரோ தோண்டுகிறவர்களை
நின்று திட்டுகிற ஊர் இது.
இந்த வேகத்தை யாரிடம் போய்ப் புகார் சொல்ல?

தண்ணீர் கேன் வண்டியை ஸ்டெல்லாவின் தம்பி ஓட்டினான்.
பிசியோதெரபியில் நஃபீசா
மூட்டு இறுகாமல் மடக்கி மடக்கி நீட்டினாள்.
"மூச்ச இழுத்துப் புடிங்க, கைய நெனைங்க."
செப்டம்பரில் நினைத்தான்.
அக்டோபரில் நினைத்தான்.
"நெனச்சு நெனச்சு தலைதான் வலிக்குது."

டிசம்பரில் நாலாவது தடவை.
பெருமழை. கீழ்த்தளப் படிக்கட்டில்
தண்ணீர் இறங்காமல் மணல்மூட்டை.
ஊசி இறக்கி, "மடக்குங்க" என்றேன்.
தூறல்.
"மனசால மடக்குங்க."
தூறல் மட்டும்.
எந்த மழை எங்கே பெய்கிறது என்று
எனக்கே குழம்பியது.

நனைந்து வந்தவன், இருமினான்.

டொக்.
டொக் டொக்.

"இன்னொரு தடவை இருமுங்க."
"சளி இல்ல மேடம்."
"பொய்யா இருமுங்க."

டொக் டொக்.
தூறலுக்கு அடியில் யாரோ
விரல்முட்டியால் தட்டுகிற மாதிரி.
அவன் திரும்பிக் கதவைப் பார்த்தான்.

சொல்வது டாக்டர் வேலை.
நான் ஒலியைக் கூட்டினேன்.

மார்ச்சில் சான்றிதழுக்கு வந்தான்.
நாற்பது சதவீதமா அறுபதா என்ற வழக்கு.
மூச்சை இழுத்தால் முழங்கை மடங்குகிறது,
விட்டால் விழுகிறது.
சர்ச்சில் கொட்டாவி விட்டானாம்,
கை தானாக எழும்பிவிட்டதாம்.
சாட்சி சொல்ல எழுந்தான் என்று
பாஸ்டர் மைக்கை அனுப்பிவிட்டார்.
ஸ்டெல்லா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
விரல்கள் வரவில்லை. வராது.
மடங்கின முழங்கையில்
காய்கறிப்பையை மாட்டிவிடுகிறாளாம்.

"எரிச்சல்?"
"அது அப்டியே இருக்கு மேடம்."

லிஃப்ட் வேலை செய்யவில்லை.
வாசலில் நின்று பார்த்தேன்.
படியேறப் படியேற அவனுக்கு மூச்சு வாங்கியது.
ஒவ்வொரு மூச்சுக்கும் இடது கை
கொஞ்சம் மேலே வந்து
கொஞ்சம் இறங்கியது.