குளிர்கிடங்கில் ஜனவரி

லீட்ரிமில் மே மாதக் கடைசி.
வெளியே வேலியெங்கும் ஹாதார்ன் பூத்துச் சரிந்து
சாலையை இரண்டடி குறுக்கிவிட்டது.
இரும்புக் கதவுக்கு உள்ளே
மைனஸ் இரண்டு டிகிரி.
கட்டுக்கு ஐம்பதாகப் பைகளில் அடைத்த
எண்பதாயிரம் பிர்ச் கன்றுகள்
இது இன்னும் ஜனவரி என்று நம்பிக்கொண்டிருக்கின்றன.

அவற்றிடம் பொய் சொல்வதுதான் என் வேலை.
காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை
வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன்:
வேரில் ஈரம் உண்டு. மொட்டு உறக்கத்தில். பூஞ்சை இல்லை.
கையொப்பம், ஆட்ராக்டா கில்ரேன்.

பதினோரு ஏக்கருக்குக் கன்று சொல்லிவைத்தவர்
மலாக்கி ஃபீலி.
மனுப் போட்டது முந்திய வருடத்துக்கும் முந்திய செப்டம்பர்.
கிணற்றில் போட்ட கல்லாவது ஒரு சத்தம் கொடுக்கும்.
இவருக்கு வந்தது ஓர் எண்.
தன் பிள்ளைகளின் பிறந்தநாளில் தடுமாறுகிறவர்
அதை மட்டும் தூக்கத்திலும் சொல்வார்.
கேட்டில் அறிவிப்புக் கட்டச் சொன்னார்கள். கட்டினார்.
மழை எழுத்தைத் தின்றது.
எழுத்தில்லாத அறிவிப்பு செல்லாது,
முதலிலிருந்து முப்பது நாள் என்றார்கள்.
லேமினேட் செய்து கட்டினார்.
அதன்மேல் நத்தை ஏறியது.

அவர் தம்பிக்கோ வெட்ட வேண்டும்.
ஸ்ப்ரூஸ் முற்றி, காற்றுக்கு ஒன்றோடொன்று உரசி
இரவெல்லாம் முனகுகிறது.
வெட்டும் இயந்திரம் கொட்டகையில் நிற்கிறது,
வங்கித் தவணை மட்டும் நிற்காமல் ஓடுகிறது.
அறுப்பாலையில் லாட்வியக் கட்டை இறங்குகிறது.
நடவும் ஒரு தாள், வெட்டவும் ஒரு தாள்,
இரண்டும் ஒரே வரிசையில்,
ஒன்றன் முதுகை ஒன்று பார்த்தபடி.

நேற்று வெக்ஸ்ஃபோர்டுக்கு நானே போன் போட்டேன்.
திட்டத்தான் போட்டேன்.
எடுத்தவள் ஃபிடெல்மா. சூழலியலாளர்.
குரலில் ஜலதோஷம்.
‘மூன்று பேர் இருக்கிறோம், கோப்பு நானூறு.
ஃபீலி நிலத்துக்குக் கீழே
ஓடையில் முத்துச்சிப்பி இருக்கிறது.
நூறு வயதுக்கு மேல் இருக்கலாம்.
குழி தோண்டும்போது ஒரு மழை பிடித்து
சேறு இறங்கினால் போதும், மூச்சடைத்துவிடும்.
அதற்கு மனுப் போடத் தெரியாது.
அதன் சார்பில் யாராவது படிக்க வேண்டுமே.’

எடுத்துவைத்திருந்த வசவெல்லாம்
வாயில் மாத்திரைபோலக் கரைந்தது. கசந்தது.
‘உன் சிப்பி காத்திருக்கும், ஃபிடெல்மா,
என் கன்றுகளுக்குப் பத்து நாள்’ என்றேன்.
அந்தப் பக்கம்
கீபோர்டு சத்தம்கூட இல்லை.
பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம்.
‘எண்ணைச் சொல்லுங்கள்’ என்றாள்.
சொன்னேன். எனக்கும் மனப்பாடம்.

செவ்வாயன்று முதலாளி மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார்.
கிடங்கு வாடகையில் இன்னொரு நாற்றங்கால் போடலாமாம்.
கதவைத் திறந்தோம்.
இரண்டே நாளில் மொத்தக் கிடங்கும் விழித்துக்கொண்டது.
பைக்குள், இருட்டில்,
நகக்கண் அளவு பச்சை,
பிளாஸ்டிக்கை உள்ளிருந்து தள்ளியது.

வெள்ளிக்கிழமை எரித்தோம்.
எரியவில்லை; பச்சை மரம் எங்கே எரியும்?
மூன்று நாள் புகைந்தது.
புகை வழி கேட்டு வந்ததுபோல் வந்தார் மலாக்கி,
மழைக்கோட்டைப் பொத்தான் போடாமல்.
யாரையும் பார்க்கவில்லை.
குவியலில் சேராமல் கிடந்த ஒரு கட்டை எடுத்து
கோட்டுக்குள் செருகினார்.
கன்றின் நுனி காலருக்கு மேல் எட்டிப் பார்த்தது.

‘ஓடையிலிருந்து தள்ளி வையுங்கள்’ என்றேன்.
‘தெரியும்’ என்றார்.

உள்ளே போய் நோட்டைத் திறந்து
கடைசி வரியை எழுதினேன்:
ஐம்பது, பூஞ்சை, கழிக்கப்பட்டது.
கையொப்பம்.