வலப்பக்க மட்கார்டு

காற்று வடிகட்டியைத் திறந்தால்
எலிக்கூடு.
ஆட்டு ரோமம், கயிற்று நார்,
விதைப் பையிலிருந்து கடித்தெடுத்த நீல எழுத்துகள்.
இருபத்தொன்பது வருஷம்
வாடகை வாங்காமல் குடிவைத்திருக்கிறது இந்த ட்ராக்டர்.

என்ஜின் இறுகிக் கிடந்தது.
நாலு சிலிண்டரிலும் டீசலை ஊற்றிவிட்டு
இரண்டு வாரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எங்கள் ஃப்யோர்டில் கேட்காமலே கிடைப்பது அது ஒன்றுதான்.
பதினைந்தாம் நாள்
யோஸ்டைன் கைப்பிடியைச் செருகித் தொங்கினான்.
ஒரு பல் அளவு நகர்ந்தது.
அன்றைக்கு அது போதும் என்று கதவைச் சாத்தினோம்.

ஐம்பத்தோராம் வருஷம் தாத்தா ரக்ன்வால்ட்
இரண்டு குதிரைகளைக் கொடுத்து வாங்கிய சாம்பல்நிற ஃபெர்குசன்.
ரசீது இருக்கிறது.
குதிரைகளுக்குப் பெயர் போட்டிருக்கிறது அதில்,
ட்ராக்டருக்கு எண் மட்டும்.

அறுபத்துநாலு ஜூலையில்
மேல்வயல் சரிவில், புல் வண்டியோடு,
அப்பாவின் மேல் கவிழ்ந்தது.
எனக்கு நாலு வயது.
பெரிய சக்கரம் ஒன்று வானத்தைப் பார்த்துச்
சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
நான் கண்டதா, பிறகு யாரோ சொன்னதா, தெரியாது.

மறுநாள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குதிரை பூட்டி நிமிர்த்தினார்கள்.
மேற்கே கறுத்திருந்தது.
தாத்தா இருக்கையைத் துடைத்தார்,
ஏறி உட்கார்ந்தார்,
மழைக்கு முன் மிச்சப் புல்லை இறக்கி முடித்தார்.
வேறென்ன செய்வார் என்றது ஊர்.
அம்மாவை யாரும் கேட்கவில்லை.
குளிர்காலம் முழுக்க அந்தப் புல்லைத்தான்
அவள் பசுக்களுக்கு அள்ளிப் போட்டாள்.

சித்தப்பா ஸ்வெர்ரே ஒருமுறை சிவப்படித்திருக்கிறார்.
சுரண்டச் சுரண்டச் சாம்பல் வந்தது.
வலப்பக்க மட்கார்டில் மட்டும்
கையை முழங்கை வரை வைக்கலாம் போல ஒரு குழி.
இதை இப்படியே விட்டுவிடலாம் என்றான் யோஸ்டைன், நினைவாக.
நானும் தலையாட்டினேன்.
எங்களை நினைத்து எங்களுக்கே
கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அம்மா வந்தாள்.
நடைவண்டியை வாசலில் விட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸோடு.
தொட்டுப் பார்க்கவில்லை.
"நேராக்குங்கள்.
எய்விண்ட் அதற்குள்ளே இல்லை.
பால் கறக்கப் போகிற வழியெல்லாம்
நான் இந்தக் குழியைப் பார்த்தாயிற்று."
பிறகு, கடையில் விலை கேட்பவள்போல:
"உருண்டால் ஆளைக் காக்கிற வளைவு ஒன்று போடுகிறார்களே,
இதற்குக் கிடைக்குமா?"

கிடைத்தது.
புது இரும்பு. ஒட்டாத சாம்பல்.
கொட்டகை நிலையைவிட ஒரு சாண் உயரம்,
மேல்கட்டையை அறுக்க வேண்டியதாயிற்று.
பழைய ட்ராக்டர் சங்கத்து ஹால்வார்
பல்லிடுக்கில் காற்றை இழுத்தார்:
அழகுதான், ஆனால் அசல் இல்லையே.
இல்லைதான்.

சனிக்கிழமை
பெட்ரோல் குழாயைத் திறந்து
கியர்க் கம்பியை 'எஸ்' பக்கம் தள்ளினான் யோஸ்டைன்.
இருமியது. நின்றது.
மறுபடி இருமி, என் வெள்ளைச் சட்டையில் கரியைத் துப்பிவிட்டு,
பிடித்துக்கொண்டது.

புகை வருகிறதென்று
அம்மா சமையலறை ஜன்னலைச் சாத்தினாள்.
சாத்திய கண்ணாடிக்குப் பின்னால்,
அவன் மேல்வயல் ஏறி
வளைவோடு முழுசாக இறங்கி வரும்வரை
நகரவில்லை.
அடுப்பில் உருளைக்கிழங்கு
அடிப்பிடித்துவிட்டது.