கடைசிக் கம்பம்

டிரான்ஸ்ஃபார்மர் கீழே, ரேஷன் கடைத் திருப்பத்தில்.
அங்கிருந்து பதினோரு கம்பம் ஏறி
சத்துவாச்சாரி மலையடியில்
பாறை மறிக்கும் இடத்தில் எங்கள் வீடு.
"இன்னா சார் பண்றது, கடைசி வூடு.
இம்மாந்தூரம் வர்றதுக்குள்ள
கரண்டும் களைச்சிப் பூடுது"
என்றார் லைன்மேன் சம்பந்தம்
ஏணியைத் தோளில் மாற்றிக்கொண்டே.

கார் வாங்கியது ராணிப்பேட்டை வேலைக்குப் போய்வர.
ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது, பின்கதவில் ஒரு நசுங்கல்.
இரவு பத்தரைக்கு அதன் மூக்கில் வயரைச் செருகுவேன்.
கூடத்து விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும்.
ஃபேன் தளர,
மல்லிகா தூக்கத்திலேயே புரண்டு படுப்பாள்.
செல்போன் திரையில்
இருநூற்று இருபத்தாறு
இருநூற்றுப் பத்தாகும்.
பதினாறு வோல்ட் என்பது எவ்வளவு என்று
அதுவரை நான் யோசித்ததில்லை.

பிறகு அந்த எண்ணைப் பார்ப்பதே வழக்கமாயிற்று.
பதினொன்றுக்கு நான்கு வோல்ட் ஏறினால்
டெய்லர் ரஹமத்துல்லா அயர்ன்பாக்ஸை அணைத்துவிட்டார்.
சட்டென்று ஐந்து இறங்கினால்
மாடிவீட்டுக் கல்லூரிப் பையன்கள்
சண்டை முடிந்து ஏ.சி. போட்டுவிட்டார்கள்.
யாரையும் கேட்காமலே தெருவைத் தெரிந்துகொண்டேன்.
கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது,
சுவரில் காதை வைத்தவன் மாதிரி.

காவிரித் தண்ணீர் எங்களுக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை.
ஒன்றரைக்கு வரும், மூன்றுக்கு வரும்,
வராமலும் போகும்.
வந்தால் கீழிருந்து மேலாக
மோட்டார்கள் ஒவ்வொன்றாய் விழிக்க
எண் படியிறங்கும்:
இருநூற்று இரண்டு, நூற்றுத் தொண்ணூற்றாறு,
எண்பத்தெட்டு,
நூற்றெண்பதில் கார் கையை விரித்துவிடும்.
சார்ஜ் நின்றது என்று போன் கூவும்.
நான் வாசலுக்கு ஓடி, "தண்ணி வந்துடுச்சி!" என்பேன்.
எதிர்வீட்டு பிரிசில்லா சிஸ்டர்
ஆஸ்பத்திரி டூட்டி முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்தவர்,
"உங்க வண்டிதான் சார் எங்க அலாரம்" என்று
கலைந்த முடியோடு சிரிப்பார்.
அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு ராத்திரி
போன் கூவவில்லை.
குழாய்க்கடியில் குடம் நிரம்பி வழியும் சத்தத்தில்தான் விழித்தேன்.
கார் நிற்காமல் குடித்துக்கொண்டிருந்தது.
நூற்றெண்பத்தாறு.
யாரோ ஒருவர் குறைகிறார்.

பிரிசில்லா டார்ச்சோடு மோட்டார் பக்கத்தில் குந்தியிருந்தார்.
"காயில் போச்சி சார். போன தடவையே முனகிச்சி.
லோ வோல்டேஜ்தான்னாரு மெக்கானிக்.
ரீவைண்டிங் ஆயிரத்து எண்ணூறாம்."
எரிந்த வார்னிஷ் வாசனை.
அவர் என் வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை.
திரும்பியிருந்தால் தேவலை.

வயரைப் பிடுங்கினேன்.
எங்கள் மோட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு
கொஞ்சம் உரக்கப் பேசியது.
பச்சை ஹோஸை எடுத்துத் தெருவின் குறுக்கே போட்டேன்,
கசிகிற இடத்தில் சைக்கிள் டியூபை முறுக்கிக் கட்டி.
அவர் டிரம்மில் தண்ணீர் விழும் வரைக்கும்
இருவரும் எதுவும் பேசவில்லை.
ஒரு நாய் ஹோஸைத் தாண்டலாமா என்று நின்று
தாண்டாமல் திரும்பிப் போனது.

பேட்டரி அறுபத்தொன்றில் நின்றிருந்தது.
ராணிப்பேட்டை போய்வர இருபது போதும்.

ரிப்பேர் காசில் பாதியைக் கொடுத்தேன்.
வேண்டாம் என்றார்.
இரண்டு நாள் கழித்து, "சரி குடுங்க" என்றார்.
இப்போது ஆறு ஆம்பியரில் வைக்கிறேன்.
விடிந்தும் கொஞ்சம் பாக்கியிருக்கும்.
விளக்கு சிமிட்டுவதில்லை, மல்லிகா புரள்வதில்லை.
தண்ணீர் நாளென்றால் செருகுவதே இல்லை,
எழுப்புவதற்கு மல்லிகாவின் பழைய கடிகாரம்.

நேற்று ராத்திரி தண்ணீர் வந்தது.
பழக்க தோஷம், சும்மா சுவர் மீட்டரைப் பார்த்தேன்.
கடைசியாக ஒரு முறை
ஆறு வோல்ட் இறங்கியது.
எதிர்வீட்டில் மோட்டார்.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.