இருக்கை உயரம்

யிஹ்லாவாவில் மார்ச் மாதம்தான்
மோட்டார் சைக்கிள்கள் கண் விழிக்கும்.
பனிக்குத் தூவிய உப்பைச் சாலையிலிருந்து கழுவிய மறுநாளே
என் சோதனை நிலைய வாசலில் வரிசை.
பதினெட்டு வருடமாக இதே குழிக்குள் நின்று
வண்டிகளை அடியிலிருந்து பார்க்கிறவன் நான்.
கையில் படிவம், காதில் பென்சில்.
காகிதத்தில் உள்ளது வண்டியிலும் இருக்க வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.

காலையில் ஒரு பையன்.
சைலன்சரை அறுத்துக் குட்டையாக்கி,
நம்பர் பலகையை பிஸ்கட் அளவுக்கு மடித்து,
கண்ணாடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு
"இதுதான் நான்" என்றான்.
இருக்கட்டும், பின்னால் வருகிறவன் யாரென்று
உனக்குத் தெரிய வேண்டாமா என்றேன்.
திருப்பி அனுப்பினேன்.
சந்தோஷமாகவே அனுப்பினேன், ஒப்புக்கொள்கிறேன்.

என்னிடமும் ஒரு ஜாவா இருக்கிறது,
முந்நூற்றைம்பது, சிவப்பு, எழுபத்தெட்டில் பிறந்தது.
கை வைக்காத வண்டி.
பின்விளக்கின் கண்ணாடிக்காக மட்டும்
நான்கு ஞாயிறு பழம்பொருள் சந்தைகளில் அலைந்தேன்.
திருகாணிகூட அந்தக் காலத்துத் திருகாணி.
ஒரே குறை, அதுவும் வண்டியில் இல்லை:
நான் குள்ளம்.
சிக்னலில் என் கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடும்,
வெந்நீரின் சூடு பார்க்கிறவன் போல.
இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.
இரண்டு முறையும் முதலில்
டாங்கில் கீறல் உண்டா என்றுதான் பார்த்தேன்.

மதியம் யார்மிலா வந்தாள்.
அதே ஜாவா, அதே சிவப்பு, என்னுடையதைவிட இரண்டு வயது இளையது.
கியர் மிதி இருக்க வேண்டிய இடத்தில் மிதி இல்லை.
அங்கிருந்து ஓர் இரும்புத் தண்டு மேலேறி
டாங்கின் ஓரமாக வந்து நின்றது.
அதன் தலையில், கைப்பிடியாக,
துளையிட்ட ஐஸ் ஹாக்கிப் பக்.
மரமறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவள்.
இடது முழங்காலுக்குக் கீழே அலுமினியம்.

"கிளட்ச்?" என்றேன், தெரிந்துகொண்டே.
"ஜாவாவில் கியரை அழுத்தினாலே கிளட்ச் விலகுமே.
இடது கை சும்மாதானே இருக்கிறது."

பதினோரு வருடம் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.
உன் இடது கை சும்மா இருக்கலாம் என்று
வண்டி சொன்னது ஒருநாளும் என் காதில் விழவில்லை.

காகிதங்கள் சரி. பொறியாளர் வரைபடம், மூன்று முத்திரை.
"பழைய மிதி?"
"சமையலறை இழுப்பறையில், கரண்டிகளோடு.
நாளைக்கு விற்றால், வாங்குகிறவருக்கு
இரண்டு கால் இருந்து தொலைக்கலாம்."

உதைத்துக் கிளப்புவதும் அந்த மிதிதான் என்பதால்
எங்கு போனாலும் மேட்டில்தான் நிறுத்துவாளாம்.
எங்கள் சரிவில் உருண்டு இறங்கினாள்,
கை பக்கின் மேல்,
பாதியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்காதே என்று
எல்லா ஊரிலும் ஏதோ ஒரு மொழியில் சொல்லியிருப்பார்கள்.
நுனிவிரலில் நிற்கிறவனிடம் யாரும் சொன்னதில்லை.

இரவு இருக்கையைக் கழற்றினேன்.
அடியில் திருகாணித் துளை வட்டமாக இல்லை.
பொருந்தாமல் போக, யாரோ அரத்தால் ஓரத்தை ராவியிருக்கிறார்கள்.
யார் கை வைத்தது என்று கோபம்கூட வந்தது.
பிறகு பார்த்தேன்:
ராவிய தடத்தின் மேலேயே தொழிற்சாலையின் கறுப்புப் பெயிண்ட்.
அப்படியென்றால் பெயிண்டுக்கு முன்பே.
ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்,
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட யாரோ.

ரொட்டிக் கத்தியால் இரண்டு விரல் கனம் நுரையைச் சீவினேன்.
கை நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும்.
நடுங்கவில்லை.
நுரை பழசு, உதிர்ந்து மேசையெல்லாம் மஞ்சள் தூள்.
சீவியதைக் காகிதத்தில் சுற்றித் தேதி போட்டு வைத்தேன்.

ஜூனில் என் வண்டிக்கும் சோதனை.
என்னுடையதை நானே பார்க்கக் கூடாது,
ஓல்ட்ரிக்தான் பார்ப்பான்.
அவன் டேப்பை எடுப்பானா,
வரிசையில் நான் குதிகால் ஊன்றி நிற்பதை மட்டும்
பார்ப்பானா,
தெரியவில்லை.