சாவி தொலைந்த பெட்டி

லாங் பஜார், மசாலா கம்பெனி மாடி.
ஆறு பேர் தள்ளியும் அசையாத பெட்டி.
திறந்தால் ஆயிரத்து ஐநூறு
என்றார் புது முதலாளி ஹேமசந்திரன்.

மேலே நீலப் பெயின்ட்: தாரகேஸ்வரி லாட்ஜ்.
ஆஸ்பத்திரிக்கு வந்த கல்கத்தாக்காரர்களுக்கு
அறையோடு மீன்குழம்பும் தந்த பூங்காவனம்மாள்,
வங்காளியில் 'கடன்' மட்டும்
தனக்குப் புரியாது என்பாராம்.

சுரண்டினேன். அடியில் பச்சை:
துருவாசலு நாயுடு பஸ் சர்வீஸ்.
இருந்தது ஒரே பஸ், குடியாத்தம் வரை.
எஞ்சின் கொதித்தால் பாலாற்றில் மொண்டு ஊற்றுவார்.
ஆறு வற்றிய வருஷம் விற்றுவிட்டார்.
'கூட்டாளி போய்விட்டான்' என்றாராம்.

அதற்கும் கீழே பெயின்ட் இல்லை,
உளி கொத்திய அரபி எழுத்து.
பேரணாம்பட்டுத் தோல் ஷாப்பு பக்கீர் மதார் சாயபு.
சரக்கோடு கப்பல் முழுகிய தந்தி வந்த அன்றும்
ஆவாரம்பட்டை வண்டிக்காரனுக்குக்
கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான்
உட்கார்ந்தாராம்.

காதை வைத்துக் கம்பியைத் திருப்பினேன்.
மூன்றாவது பல் கொஞ்சம் இடறியது,
பிறகு விட்டது.

உள்ளே பணம் இல்லை.
கட்டுக் கட்டாக வங்காளி எழுத்தில் சீட்டுகள்,
ரூம் நம்பர், தொகை, கைநாட்டு.
பாதிக்கு மேல் சிவப்பு மையால் அடித்து
ஓரத்தில் தமிழில் ஒரே சொல்:
'செத்துட்டாரு'.
மீதிக்கு எந்தக் கோடும் இல்லை.

'பழைய பேப்பர் கிலோ என்ன விலை?'
கீழே யாரையோ கேட்டார் ஹேமசந்திரன்.
என்னைப் பார்த்து,
'நாளைக்கு வந்து வாங்கிக்கப்பா.'

நான் எழுந்திருக்கவில்லை.
பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்,
சாயபு எழுத்தின் பக்கமாக.