குழாயடி மராத்தி

தாராவி. விடியாத நாலரை மணி.
பத்தொன்பதாவது குடம் என்னுடையது,
அடுத்தது நீல பெயிண்ட் வாளி:
தர்பங்காவிலிருந்து வந்து நாலே மாதமான ரஞ்சுதேவி.

சந்து கிடைத்ததும் வாளியை முன்னே தள்ளினாள்.
"குடூன் ஆலீஸ்?" என்றேன்.

எங்கிருந்து வந்தாய் என்று
இதே சிமெண்டுத் தரையில் என்னைக் கேட்டவளின்
அதே இழுவை, என் வாயில்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.
அப்பா இரவோடு இரவாக
சலூன் பலகையின் தமிழுக்குச் சுண்ணாம்பு அடித்தார்.
மழையில் நனைந்தால்
'நிலையம்' மட்டும் இன்னும் தெரியும்.

ரஞ்சுதேவி வாளியை இழுத்துக்கொண்டே
ஏதோ சொன்னாள். மராத்திதான்,
தப்பும் தவறுமாக,
நடுவில் ஓர் "அய்யோ".

யாரிடம் கற்றாய் என்று
கேட்க வாயெடுத்தேன்.

குடம் வழிகிறதென்று பின்னால் கத்துகிறார்கள்.